பிள்ளைகளோடு சேர்ந்து ஊரின் சுற்றாடல் நீதி வரைபடம் தயாரித்தல்: வன்னிக் கிராமங்களுக்கான வழிகாட்டி

ஓர் ஊரின் குளம், கிணறு, குப்பைமேடு, கிரவல் கிடங்கு ஆகியவற்றை இடம் பார்த்துக் குறித்தால் அது சுற்றாடல் வரைபடமாகிவிடும். அந்தக் கிரவல் கிடங்கு ஏன் இந்தக் குடியிருப்பின் ஓரத்தில் வெட்டப்பட்டது, வெட்டிய மண் எந்த வீதிக்குப் போனது, டிப்பர் கிளப்பும் புழுதி யாருடைய குசினிக்குள் விழுகிறது, வெட்டுவதற்கு முன் அந்தக் குடியிருப்பாரிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்விகளும் சேரும்போதுதான் அது சுற்றாடல் நீதி வரைபடமாகிறது. சுமை யார் தலையில், பயன் யார் கையில் என்பதைக் காட்டாத ஒரு படத்துக்காகப் பிள்ளைகளை வெயிலில் நடத்துவதில் பொருளில்லை. கிராம அலுவலர் பிரிவு ஒன்றின் அளவிலோ, ஒரு குளத்தின் கீழுள்ள குடியிருப்புகளின் அளவிலோ அத்தகைய வரைபடத்தைப் பிள்ளைகளின் பங்களிப்போடு தயாரித்து, ஊரார் தொடர்ந்து சேர்க்கவும் திருத்தவும் கூடிய வடிவில் இணையத்தில் பேணுவதற்கான வழிமுறை இங்கே விளக்கப்படுகிறது. ஆசிரியர்கள், சனசமூக நிலைய நிருவாகத்தினர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர், அறநெறி வகுப்பு நடத்துவோர் ஆகியோரை மனத்திற்கொண்டே இது எழுதப்படுகிறது.

சுற்றாடல் நீதி என்ற கோரிக்கை உலகின் கவனத்துக்கு வந்த இடங்களுள் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள வொரன் கவுண்டி முக்கியமானது. நச்சு இரசாயனம் கலந்த மண்ணைப் புதைப்பதற்குக் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த அந்த வறிய பகுதி தெரிவு செய்யப்பட்டபோது, 1982 இல் ஊரார் லொறிகளின் முன்னால் வீதியில் படுத்து மறித்தார்கள். 2014 இல் பார்சிலோனாவைத் தளமாகக் கொண்ட பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பிணக்குகளை உலக அளவில் திரட்டி இணைய வரைபடமாக வெளியிட்டார்கள். இன்று அதில் 4000 க்கும் மேற்பட்ட பிணக்குகள் பதிவாகியுள்ளன. வன்னியில் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் தண்ணீரை ஒட்டியே எழுகின்றன. ஒரே வாய்க்காலின் தலைப்பிலுள்ள காணிக்கும் கடைசியிலுள்ள காணிக்கும் சிறுபோகத்தில் ஒரே அளவு தண்ணீர் போய்ச் சேருவதில்லை. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களிற் பல, வயற்காணியும் வாய்க்கால் தண்ணீரும் எட்டாத மேட்டுநிலங்களிலேயே வாழ்வை அமைக்க நேர்ந்தது. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்ததும், பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டதும் அண்மைய வரலாறு. யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் தாகமும் உண்மை, கிளிநொச்சி வயல்களின் தேவையும் உண்மை. இரண்டையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

பிள்ளைகளை இதிற் சேர்ப்பது பெரியவர்கள் அவர்களுக்குச் செய்யும் தயவு அன்று. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளிக்கிறது. இலங்கை 1991 இல் அதனை ஏற்றுறுதி செய்தது. அச்சமவாயத்தைக் கண்காணிக்கும் குழு சுற்றாடலைப் பற்றி 2023 இல் வெளியிட்ட 26 ஆம் இலக்கப் பொதுக் கருத்துரைக்கு 121 நாடுகளிலிருந்து பிள்ளைகளின் 16,000 க்கும் மேற்பட்ட பங்களிப்புகள் கிடைத்தன. உரிமையை ஒரு பக்கம் வைத்தாலும், ஊரைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியாத பல செய்திகள் பிள்ளைகளிடம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கு எந்தப் பாலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்று தெரியும். ஆடு மேய்க்கும் பிள்ளைக்குக் குளத்து நீர் ஏறி இறங்கும் அலைகரையில் எங்கே புதிதாக வேலி போடப்பட்டிருக்கிறது என்று தெரியும். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் உவர்க்கிறது என்பதைக் குடம் சுமக்கும் பிள்ளை உடனே சொல்லிவிடும்.

தொடங்குவதற்கு முன்

முதல் வேலை பாதுகாப்பு. இதைக் கடைசியில் ஒரு படிவமாக நிரப்பி முடிக்கக் கூடாது. எந்தப் பாதையில் நடப்பது என்பதைக் கிராம அலுவலரோடும் ஊரின் மூத்த கமக்காரர் இருவரோடும் இருந்து முடிவு செய்யுங்கள். கண்ணிவெடி அகற்றல் முடிந்ததாகச் சான்றளிக்கப்படாத நிலத்துக்கும், மண்டையோட்டுக் குறியுடைய சிவப்பு எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்துக்கும் அருகே பாதை போகக் கூடாது. அகற்றி முடித்த நிலத்திலும் வெள்ளம் மண்ணை அரித்த பின் பழைய வெடிபொருள் மேலே வரலாம். ஆகவே பாவனையிலுள்ள வீதி, வாய்க்கால் வரம்பு, குளக்கட்டு ஆகியவற்றை விட்டு விலகாமல் நடப்பதே விதி. அறியாத உலோகப் பொருள் எதையேனும் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகளைக் கொண்டே சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். காட்டோரக் குடியிருப்புகளில் யானை நடமாடும் அதிகாலையையும் மாலையையும் தவிருங்கள். கட்டில்லாத கிணறு, மணல் அள்ளிப் பள்ளமான ஆற்றுப் படுகை, நீர் தேங்கிய கிரவல் கிடங்கு ஆகியவற்றைத் தூரத்தில் நின்றே குறிக்கலாம். கிட்டப் போக வேண்டிய தேவையில்லை.

இரண்டாவது, பிள்ளைகள் எதைக் குறிக்கக் கூடாது என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். சட்டத்துக்கு மாறான மணல் அகழ்வும் மரம் வெட்டலும் நடக்கும் இடத்தில் ஒரு பிள்ளை படம் எடுப்பது அந்தக் குடும்பத்துக்கே ஆபத்தாக முடியலாம். வாகன இலக்கம், ஆட்களின் முகம், படைமுகாம்களும் அவற்றின் எல்லைகளும், வழக்கிலிருக்கும் தனியார் காணி ஆகியவை பிள்ளைகளின் வேலைக்குள் வரவே கூடாது. அவற்றைப் பதிவு செய்ய வேண்டியிருந்தால் கமக்கார அமைப்பிலுள்ள பெரியவர்கள் தம் பெயரில், தம் பொறுப்பிற் செய்யட்டும். விளைவு மட்டும் பிள்ளைகளின் பக்கம் இருக்கட்டும்: கலங்கிய தண்ணீர், இடிந்த கரை, இறங்கிய கிணறு.

பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் பிள்ளையின் சொந்தச் சம்மதமும் இரண்டும் தேவை. வரச் சம்மதித்த பிள்ளை இடையில் விலக விரும்பினால் காரணம் கேட்காமல் விட வேண்டும். பாடசாலை வழியாகச் செய்வதானால் அதிபரின் அனுமதியோடு வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம். பிள்ளை ஒன்று வீட்டில் துன்புறுத்தப்படுவது பேச்சில் வெளிப்பட்டால் யாரிடம் சொல்வது என்பது குழுவுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும்; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தரையில் வரைதல்

கணினியையும் கைத்தொலைபேசியையும் முதல் நாளில் வெளியே எடுக்க வேண்டாம். பொதுநோக்கு மண்டபத்தின் முற்றத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலமாவும் சுண்ணாம்பும் கொடுத்து, ஊரைத் தரையில் வரையச் சொல்லுங்கள். குளக்கட்டு முதலில், அதிலிருந்து இறங்கும் வாய்க்கால் அடுத்து, பிறகு வீதி, பிறகு தத்தம் வீடு என்ற வரிசையில் தொடங்கினால் அளவு ஓரளவு சரியாக வரும். குளத்தை ஊரைவிடப் பெரிதாக ஒரு பிள்ளை வரைந்தால் திருத்த வேண்டாம். அந்தப் பிள்ளையின் வாழ்வில் அந்தக் குளம் அவ்வளவு பெரியது என்பதும் ஒரு தகவல்தான். ஆறு முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகள் இதிலேயே தம் பங்கை முழுமையாகச் செய்துவிடுவார்கள். சிரட்டை, புளியங்கொட்டை, மருத இலை, சிவப்புத் துணித்துண்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைப் பிள்ளைகளே முடிவு செய்து, நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர், நிழல், பயம் ஆகியவற்றை அந்தந்த இடத்தில் வைக்கட்டும்.

பயம் வைக்கப்பட்ட இடங்களில் அதிக நேரம் நில்லுங்கள். தெருவிளக்கில்லாத மதகு, கட்டாக்காலி நாய்கள், குப்பை எரியும் வளவு, யானை வேலி அறுந்த இடம் எனப் பல காரணங்கள் வரும். சில வேளைகளில் ஒரு பிள்ளை, அம்மம்மா சொல்லக் கேட்ட பதுங்குகுழியையோ, 2009 இல் உறவினர் இறந்த இடத்தையோ வைக்கும். அப்போது தொடர்ந்து கேள்வி கேட்க வேண்டாம். பிள்ளை சொல்ல விரும்பிய அளவைக் கேட்டுக்கொண்டு, அதை இணைய வரைபடத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று அந்த இடத்திலேயே உறுதி கொடுங்கள். முடிவில் உயரமான இடத்திலிருந்து தரைப்படத்தைப் புகைப்படம் எடுங்கள். பிள்ளைகளின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் தனித்தனியே வரைந்து பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊரில் யார் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பது பேசாமலே தெரியவரும்.

நடந்து பார்த்தல்

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஐவர் கொண்ட குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர் இருவரைச் சேர்த்து நடக்க விடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து ஊர்ப்பகுதியை அச்சிட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் அதன் மேலேயே பென்சிலாற் குறிப்பார்கள். 2004 இல் தொடங்கிய அத்திட்டத்தில் யாரும் சேர்க்கலாம் என்றாலும், வன்னியின் சிறு குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் தமிழ்ப் பெயர் பல இடங்களில் இன்னும் ஏறவில்லை. பெயர்களைச் சரிபார்ப்பதையே நடையின் முதற்பணியாக்கலாம். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்த பெரியவர் ஒருவர் ஊரில் இருந்தால் அவரை அழைத்துக்கொண்டு போங்கள். எந்தத் துருசு எந்த வயலுக்கு என்பதை அவரைப்போற் சொல்ல வேறு ஆள் கிடைக்காது.

ஒவ்வொரு புள்ளியிலும் பிள்ளைகள் ஒரே வரிசையிற் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இங்கே என்ன இருக்கிறது, எப்போதிருந்து, யாருக்கு இதனால் நன்மை, யாருக்குத் தொல்லை, முன்பு எப்படி இருந்தது, யாரிடமாவது முறையிட்டார்களா, என்ன பதில் கிடைத்தது. கடைசி இரண்டு கேள்விகளையும் தவறவிடும் குழுக்கள் மிகப் பல. அவ்விரண்டும் இல்லாவிட்டால் படத்தில் நீதி என்ற சொல்லுக்கு இடமில்லை.

கிணற்றை எடுத்துக்கொண்டால் அளவும் வேண்டும். நைலோன் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, கல்லிலிருந்து மீற்றருக்கு ஒரு முடிச்சும் அரை மீற்றரில் சிவப்புத் துணியும் போடுங்கள். பெரியவர் ஒருவர் கயிற்றை மெதுவாக இறக்க, கல் தண்ணீரிற் படும் சத்தம் கேட்டவுடன் கிணற்றுக்கட்டின் மேல்விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பின்னால் நின்று, மேலே இழுக்கும்போது முடிச்சை எண்ணுவார்கள். கட்டின் உயரத்தை அதிலிருந்து கழித்தால் தரைமட்டத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். இதே கிணற்றை ஒவ்வொரு மாதமும் ஒரே கிழமையில், காலையில் தண்ணீர் அள்ளத் தொடங்கும் முன் அளந்தால், ஓராண்டில் அந்தக் கிணற்றின் கதை எண்களில் நிற்கும். கிரவல் கிடங்குக்கோ மணல் அகழும் ஆற்றுக்கோ அருகிலுள்ள இரண்டு கிணறுகளையும் தூரத்திலுள்ள இரண்டு கிணறுகளையும் சேர்த்து அளந்து பாருங்கள். கிட்டவுள்ள கிணறுகள் மட்டும் விரைவாக இறங்கினால் கேள்வி கேட்க இடமுண்டு. நான்கும் ஒன்றாக இறங்கினால் வரட்சியே முதற்காரணமாக இருக்கலாம். இந்த நேர்மையைப் பிள்ளைகள் இங்கே கற்றுக்கொண்டால் பிற்காலத்தில் அவர்களின் படத்தை எந்த அலுவலகத்திலும் எளிதில் தள்ளிவிட முடியாது.

பேனாபோன்ற சிறு கருவியைத் தண்ணீரில் வைத்துக் கரைந்துள்ள உப்பின் மொத்த அளவைப் பார்க்கலாம். ஆனால் அது பல்லிற் கறை உண்டாக்கும் புளோரைட்டைத் தனியே காட்டாது. வரண்ட வலயத்தின் நிலத்தடி நீரில், வவுனியா உட்படப் பல இடங்களில், புளோரைட் அதிகம். குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பிள்ளைகளின் பல்லிற் கறை அதிகமாகக் காணப்படும் குடியிருப்பின் கிணறுகளைக் குறித்துக்கொண்டு, நீர் மாதிரிப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ கேளுங்கள். எந்தப் பிள்ளையின் பல்லையும் படம் எடுக்க வேண்டாம்.

புழுதிக்கும் புகைக்கும் காற்றின் திசையைச் சேர்த்து எழுத வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு குடியிருப்பில் விழும் புழுதி, வாடைக் காற்றில் மறுபக்கம் போகும். ஒரே ஒரு நாள் நடந்து வரைந்த படம் பாதி ஊரை விட்டுவிடும்.

இணையத்தில் ஏற்றுதல்

பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதைச் செய்வார்கள். கோபோ என்ற இலவசப் படிவச் செயலியில் மேலே சொன்ன கேள்விகளைத் தமிழில் அமைத்தால், தொடர்பு இல்லாத இடத்திலும் கைத்தொலைபேசியில் நிரப்பி, சிக்னல் வந்த பின் அனுப்பலாம். இடத்தைப் பதியும்போது திரையிற் காட்டும் துல்லியம் 10 மீற்றருக்குள் வரும்வரை நில்லுங்கள். பெரிய மரங்களின் கீழ் நின்றால் அது இறங்காது. திரட்டிய தரவை அட்டவணையாக இறக்கி, யூமப் என்ற இலவசத் தளத்தில் ஏற்றினால், தண்ணீர், மண், காடு, குப்பை, நல்ல இடங்கள் என்று தனித்தனி அடுக்குகளாகக் காட்டலாம். நல்ல இடங்களின் அடுக்கை மறக்க வேண்டாம். பாலைப்பழம் பொறுக்கும் காடு, மருத நிழல், நீந்தும் துறை ஆகியவை படத்தில் இருந்தால்தான் இழக்கக் கூடாதது எதுவென்று பார்ப்பவருக்குப் புரியும்.

ஓபன்ஸ்ட்ரீட்மப்பில் நிலத்தில் எவரும் போய்ச் சரிபார்க்கக்கூடிய பொருளை மட்டும் சேருங்கள்: கிணறு, மதகு, பாதை, பெயர். முறைப்பாடும் கருத்தும் யூமப்பிலுள்ள உங்கள் சொந்த அடுக்கில் இருக்க வேண்டும். கூகிள் வரைபடத்தைப் பார்த்துப் பிரதி எடுப்பது உரிம விதிக்கு மாறானது.

யூமப்பில் எல்லாரும் பார்க்கும் இணைப்பும், திருத்துவோருக்கான இரகசிய இணைப்பும் தனித்தனியே உண்டு. திருத்தும் இணைப்பு பொறுப்பான பெரியவர் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஊரார் புதிய தகவலை எளிய படிவம் ஒன்றால் அனுப்ப, பிள்ளைகளும் பெரியவர்களும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூடி இருந்து ஒவ்வொன்றையும் வாசித்து ஏற்றுவதே பாதுகாப்பான முறை. வட்ஸ்அப் குழுவில் வருவதை அப்படியே ஏற்றினால் அயல்வீட்டுச் சண்டையெல்லாம் படத்துக்குள் வந்துவிடும்.

ஏற்றுமுன் புகைப்படங்களிற் பதிந்திருக்கும் இடத்தகவலை நீக்குங்கள். பிள்ளையின் பெயரை எழுதாமல் வயதுப்பிரிவை மட்டும் குறியுங்கள். பெண்பிள்ளைகள் தனியே குளிக்கும் துறை, பிள்ளைகள் தனியே நடக்கும் நேரம், பெண் தலைமைக் குடும்பத்தின் வளவு ஆகியவற்றைப் பொதுப்படத்தில் இட வேண்டாம். குரற்பதிவு அழகாக இருக்கும்தான். ஆனால் சிறிய ஊரில் குரலைக் கேட்டே ஆளை அறிந்துவிடுவார்கள், ஆகவே சொன்னதை எழுத்தாக்கிப் போடுங்கள்.

படத்தை வாசித்தல்

புள்ளிகள் நிறைந்தவுடன் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கடினமான வேலை இங்கேதான் தொடங்குகிறது. படத்தைச் சுவரில் காட்டி, ஒவ்வொரு குடியிருப்புக்கும் குடிதண்ணீர் எவ்வளவு தூரம், அதை யார் சுமக்கிறார், கோடையில் பவுசர் வருகிறதா, டிப்பர் போகும் வீதியில் எத்தனை வீடுகள், மழை வெள்ளத்தில் முதலில் முழுகும் வீடுகள் எவை என்று பிள்ளைகளை ஒப்பிடச் சொல்லுங்கள். 2018 டிசம்பரில் கனமழையோடு இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அந்த வெள்ளம் தம் ஊரில் எந்த மரம்வரை, எந்தச் சுவர்வரை ஏறியது என்பதைப் பெற்றோரிடம் கேட்டுப் பிள்ளைகள் தனி அடுக்காக வரையலாம். அதன் மேல், குடிதண்ணீர் தூரமாக உள்ள குடியிருப்புகளின் அடுக்கை வையுங்கள். கோடையில் தண்ணீர் இல்லாமலிருக்கும் அதே வீடுகளே மாரியில் தண்ணீருக்குள்ளும் இருக்கின்றன என்று தெரிந்தால், பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் காணி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது, வேறு காணி ஏன் கிடைக்கவில்லை? விடையைப் பிள்ளைகள் தேட வேண்டியதில்லை. கேள்வியை எழுதி வைத்தாற் போதும்.

பிள்ளைகள் சொன்னதும் பெரியவர்கள் சொன்னதும் முரண்படுமானால் இரண்டையும் இருவேறு நிறத்தில் விடுங்கள். ரோஜர் ஹார்ட் 1992 இல் யுனிசெப் நிறுவனத்துக்காக எழுதிய ஆய்வில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளுடைய ஏணியாக வகுத்து, அலங்காரத்துக்காகப் பிள்ளைகளை நிறுத்துவதைப் பங்கேற்பே அல்லாத அடிப்படிகளில் வைத்தார். வெள்ளைச் சீருடையோடு பதாகை பிடித்துப் படமெடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சியோடு முடிகிற திட்டம் அந்தப் படியைத் தாண்டவில்லை. எதை முதலில் அலுவலகத்துக்குக் கொண்டுபோவது என்பதைப் பிள்ளைகளே வாக்களித்துத் தெரிவு செய்யட்டும்; அவர்கள் பவுசர் பிரச்சினையை விட்டு, பாடசாலை வாசலில் நிழல்மரம் வேண்டும் என்று முடிவு செய்தாலும் அதற்கே முதலிடம்.

அலுவலகங்களுக்குக் கொண்டுபோதல்

பெரியவர்களின் கையொப்பத்தோடு போக வேண்டும். குப்பையும் ஊர்வீதியும் பிரதேச சபைக்கு, சிறு குளமும் அதன் ஒதுக்கும் கமநல சேவை நிலையத்துக்கு, பெரிய குளமும் பெருவாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, மணலும் கிரவலும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்கு, தொழிற்சாலைக் கழிவு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு என்று பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் ஒருவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அகழ்வு அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அதிலுள்ள எல்லை, அனுமதித்த அளவு, காலாவதித் திகதி ஆகியவற்றைக் காரணம் சொல்லாமலே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கிடைத்த எல்லையைப் பிள்ளைகளின் புள்ளிகளுக்கு மேல் வைத்துப் பார்த்தால், அனுமதிக்குள் நடப்பது எது, வெளியே நடப்பது எது என்று விளங்கும்.

அனுப்பிய திகதியையும் வந்த பதிலையும் ஒவ்வொரு புள்ளியிலும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுங்கள். பதில் வந்த அதே கிழமையில் பிள்ளைகளைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள். முடியாது என்ற பதிலாயினும் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும்.

ஊரை ஆண்டுக்கு இரண்டு முறை நடந்து பார்த்தாற் போதும்: கிணறுகள் மிகவும் இறங்கியிருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் ஒருமுறை, மாரிமழை ஓய்ந்த தைமாதத்தில் இன்னொருமுறை. பழைய புள்ளியை அழிக்காமல் புதிய திகதியோடு பக்கத்திற் சேருங்கள். உயர்தரம் முடித்து ஊரைவிட்டுப் போகும் பிள்ளைகள், தம் கிணற்றளவுக் கொப்பியையும் முடிச்சுக் கயிற்றையும் அடுத்த குழுவிடம் கையளித்து, அளக்கும் முறையை ஒரு மாதம் கூடவே நின்று காட்டிக் கொடுக்க வேண்டும். அன்றே கோபோவின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.